ஒர்க்ஃப்ளோ என்ஜினுக்கு டேட்டாபேஸ் கனெக்ஷன்: லேப்டாப்பில் திறக்கிறது, கன்டெய்னரில் விழுகிறது

ஜூன் 3, காலை. கேள்வி

எங்கள் ஒர்க்ஃப்ளோ என்ஜின் கமுண்டா 7, ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஜாவா ஆப்புக்குள்ளேயே ஓடுகிறது. டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஏற்றும் கருவி) ஆப் இரண்டு கன்டெய்னர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு கன்டெய்னர். லேப்டாப்பில் டிபீவரை (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவி) எடுத்து லோக்கல்ஹோஸ்ட், 5433, பாஸ்வேர்டு போட்டால் டேட்டாபேஸ் திறக்கிறது. அதே மூன்றையும் ஆப்பில் கொடுத்தால் ஏறும்போதே ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’. ஆப் திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பான பூலின் சைஸை 10-லிருந்து 50 ஆக்கினேன், பலன் இல்லை. இது தவிர ஆர்டர் விவரங்கள் உள்ள பழைய போஸ்ட்கிரெஸ் ஒன்று வேறு மெஷினில் இருக்கிறது. சில சர்வீஸ் டாஸ்க்குகள் அதில் படித்து எழுதுகின்றன. எந்த செட்டிங்கிலிருந்து தொடங்குவது?

ஜூன் 3, மதியம்

செட்டிங்கைத் தொடும் முன் ஒரு தாளில் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோடு என்ஜின் தன் நிலையை எழுதி வைக்கும் டேட்டாபேஸுக்கு. எந்த ப்ராசஸ் எந்த டாஸ்க்கில் நிற்கிறது, எந்த டைமர் எப்போது அடிக்கும் என்பதெல்லாம் அங்கேதான். இரண்டாவது கோடு டாஸ்க்குகள் தொடும் ஆர்டர் டேட்டாபேஸுக்கு. முதல் கோடு அறுந்தால் என்ஜினே எழாது. இரண்டாவது அறுந்தால் என்ஜின் எழும், ஒரு டாஸ்க் மட்டும் விழுந்து இன்சிடென்ட் (என்ஜினின் தோல்விப் பதிவு) ஆகும். உங்களுக்கு ஏறும்போதே விழுவதால் பிரச்சினை முதல் கோட்டில்.

ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கனெக்ஷனை எந்த ப்ராசஸ், எந்த மெஷினில் இருந்து திறக்கிறது? டிபீவர் உங்கள் லேப்டாப்பில் இருந்து திறக்கிறது. ஆப் கன்டெய்னருக்குள் இருந்து திறக்கிறது. கன்டெய்னருக்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் அந்தக் கன்டெய்னரே. அதற்குள் போஸ்ட்கிரெஸ் இல்லை, அந்தப் போர்ட்டில் காது கொடுக்க யாரும் இல்லை, அதனால் உடனே ‘ரெஃப்யூஸ்டு’. ஹோஸ்ட் இடத்தில் கம்போஸ் கோப்பில் உள்ள சர்வீஸ் பெயரைப் போடுங்கள். போர்ட் 5433 அப்படியே இருக்கட்டும்.

பூல் சைஸுக்கும் இந்த எரருக்கும் சம்பந்தமே இல்லை. 50-ஐப் பழையபடி 10 ஆக்கிவிடுங்கள்.

ஜூன் 3, மாலை. திருத்தம்

5433 அப்படியே இருக்கட்டும் என்று எழுதியது தவறு. கம்போஸில் ‘5433:5432’ என்றால் இடப்பக்கம் வெளியே இருந்து வருபவருக்கு, வலப்பக்கம் கன்டெய்னர் நெட்வொர்க்குக்குள் இருப்பவருக்கு. ஆப் உள்ளே இருக்கிறது, ஆகவே 5432. ஹோஸ்ட்டை மட்டும் மாற்றி 5433-ஐ விட்டால் மறுபடியும் அதே ‘ரெஃப்யூஸ்டு’தான் வரும், ‘சர்வீஸ் பெயரும் வேலை செய்யவில்லை’ என்று நினைத்துவிடுவீர்கள்.

ஜூன் 4

எரர் வார்த்தையைப் பார்த்தாலே எங்கே அறுந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைச் சொல்லாமல் செட்டிங் பேசுவதில் அர்த்தம் இல்லை.

‘அன்நோன் ஹோஸ்ட்’: பெயருக்கு ஐபி கிடைக்கவில்லை. கன்டெய்னர்கள் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கலாம், சர்வீஸ் பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம்.

‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’: மெஷின் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. சர்வர் இன்னும் எழவில்லை, போர்ட் தவறு, அல்லது போஸ்ட்கிரெஸின் ‘லிசன் அட்ரஸஸ்’ அதன் இயல்பான மதிப்பான லோக்கல்ஹோஸ்ட்டிலேயே நிற்கிறது. கடைசியதை மாற்றினால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும்.

‘டைம்டு அவுட்’: பாக்கெட் போகிறது, பதில் வரவில்லை. அநேகமாக ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ரெஃப்யூஸ்டு உடனே வரும், டைம்அவுட் காத்திருந்து வரும். லாக்கில் இரண்டு வரிகளுக்கு இடையே எத்தனை வினாடி என்று பார்த்தாலே பாதி விடை.

‘நோ பிஜி ஹெச்பிஏ என்ட்ரி’: நெட்வொர்க் முழுக்கச் சரி. போஸ்ட்கிரெஸே பேசுகிறது, ‘இந்த ஐபியில் இருந்து இந்தப் பயனர் இந்த டேட்டாபேஸுக்கு வர அனுமதி வரி இல்லை’ என்கிறது. அந்த எரர் வரியிலேயே அது பார்த்த ஐபி இருக்கும். நீங்கள் எதிர்பார்த்த ஐபி அதுதானா என்று பாருங்கள், நடுவில் ஐபியை மாற்றி அனுப்பும் நேட் இருந்தால் வேறாக இருக்கும். அந்த அனுமதி வரிகள் உள்ள பிஜி ஹெச்பிஏ கோப்பைத் திருத்தினால் ரீலோட் போதும். வரிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். கீழே சரியான வரி எழுதி மேலே தவறான வரி இருந்தால் கீழ் வரியைப் போஸ்ட்கிரெஸ் பார்க்கவே பார்க்காது.

‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’: கதவு வரை வந்தாயிற்று, சாவிதான் பொருந்தவில்லை.

ஜூன் 4, இரவு. கேட்டவர்

சர்வீஸ் பெயரும் 5432-வும் போட்டதும் ரெஃப்யூஸ்டு போய்விட்டது. இப்போது பாஸ்வேர்டு ஃபெயில்டு. கம்போஸில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாற்றி மறுபடி ஏற்றினேன், அப்போதும் அதேதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்குள் எக்ஸெக் போட்டு லோக்கல்ஹோஸ்ட்டுக்கு அதே பாஸ்வேர்டுடன் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவி) அடித்தால் உள்ளே போகிறது!

ஜூன் 5

இரண்டு பொறி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலாவது, ‘போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு’ என்ற சூழல் மாறி வேலை செய்வது டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும் முதல் ஏற்றத்தில் மட்டும். வால்யூமில் (கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம்) டேட்டா இருந்தால் அந்த மாறியை யாரும் படிப்பதில்லை, பழைய பாஸ்வேர்டே நிற்கும். வால்யூமை அழிக்க வேண்டாம். பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்வுக் கோட்டோடு ‘பாஸ்வேர்டு’ கட்டளை கொடுத்து மாற்றுங்கள். ஆல்டர் யூசர் வரியில் பாஸ்வேர்டை நேராக எழுதினால் அது லாக்கிலும் ஹிஸ்டரியிலும் தங்கிவிடலாம்.

இரண்டாவது, எக்ஸெக் சோதனை எதையும் நிரூபிக்காது. அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜில், கன்டெய்னருக்குள் லோக்கல் சாக்கெட்டுக்கும் 127.0.0.1-க்கும் இயல்பாக ‘டிரஸ்ட்’ விதி. பாஸ்வேர்டு இடத்தில் எதை அடித்தாலும் திறக்கும். வெளியில் இருந்து வருபவரிடம்தான் பாஸ்வேர்டு கேட்கும்.

சரியான சோதனை: போஸ்ட்கிரெஸ் இமேஜையே தற்காலிகமாக இன்னொரு கன்டெய்னராக, ஆப் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஏற்றி, அதற்குள் இருந்து சர்வீஸ் பெயருக்கு பிஎஸ்க்யூஎல் அடியுங்கள். ஆப் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது அதுதான். ஆப் இமேஜ் மெலிதானது என்றால் அதற்குள் பெரும்பாலும் எந்தக் கருவியும் இருக்காது, அதனால்தான் தனிக் கன்டெய்னர்.

இன்னும் ஒன்று. பாஸ்வேர்டை சீக்ரெட் கோப்பில் வைத்தால் கடைசியில் ஒரு புதுவரி எழுத்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ‘எக்கோ’ போட்டு எழுதினால் ஒட்டும், ‘பிரிண்ட்எஃப்’ போட்டால் ஒட்டாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சில மென்பொருள் வெட்டிவிடும், சிலது பாஸ்வேர்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பின் பைட் எண்ணிக்கை பாஸ்வேர்டின் நீளத்தை விட ஒன்று கூடுதலாக இருந்தால் அதுதான்.

ஜூன் 5, இன்னொரு வாசகர் கேட்டது: ஏர்ஃப்ளோவில் (இன்னொரு ஒர்க்ஃப்ளோ கருவி) பாஸ்வேர்டில் @ இருந்தால் ஹோஸ்ட் பெயரே மாறிப்போகிறது, ஏன்?

ஏர்ஃப்ளோ கனெக்ஷனைச் சூழல் மாறியில் ஒரே வரி யூஆர்ஐ ஆகக் கொடுக்கும்போது ‘பயனர்:பாஸ்வேர்டு@ஹோஸ்ட்:போர்ட்/டேட்டாபேஸ்’ என்ற வடிவம். பாஸ்வேர்டுக்குள் இருக்கும் குறிகளும் பிரிப்பான்களும் ஒன்றாகவே தெரியும். ஆகவே குறியாக்கம் செய்ய வேண்டும்: @ என்றால் %40, / என்றால் %2F, # என்றால் %23, : என்றால் %3A, % என்றால் %25. ஏர்ஃப்ளோ 2.3 முதல் அதே மாறியில் ஜேசான் வடிவத்திலும் கொடுக்கலாம், அதில் இந்தக் குறியாக்கத் தொல்லை இல்லை. ஜேசானையே சொல்வேன்.

ஏர்ஃப்ளோவின் சொந்த டேட்டாபேஸ் முகவரி வேறு கதை. அதை ஏர்ஃப்ளோ கான்ஃபிக் கோப்பில் எழுதினால் % குறியை இரட்டிப்பாக %% என்று எழுத வேண்டும், கோப்பைப் படிக்கும் நிரல் ஒற்றை % குறியை மாற்றுக்குறியாக எடுத்துக்கொள்ளும். அதாவது @ முதலில் %40 ஆகி, கோப்பில் %%40 ஆகும். சூழல் மாறியில் தருவதானால் இந்த இரட்டிப்பு இல்லாத வழி, குழப்பம் குறைவு. முகவரி ‘போஸ்ட்கிரெஸ்’ என்று தொடங்கினாலும் விழும். ஏர்ஃப்ளோ டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4-ல் அந்தச் சுருக்கப் பெயரை எடுத்துவிட்டார்கள், ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று முழுதாக எழுத வேண்டும்.

சூழல் மாறியில் தந்த கனெக்ஷன் வெப் திரையில் தெரியாது. தெரியவில்லையே என்று அதே பெயரில் திரையிலும் ஒன்று உண்டாக்கினால், ஓடும்போது சூழல் மாறிதான் ஜெயிக்கும். திரையில் எத்தனை முறை திருத்தினாலும் மாறாத மாயம் இதனால்தான். சோதனைப் பொத்தானும் 2.7 முதல் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கினாலும் சோதிப்பது வெப்சர்வர் இருக்கும் இடத்தில் இருந்து, டாஸ்க் ஓடுவது வொர்க்கர் மெஷினில். பச்சை விளக்கு வெப்சர்வருக்கு மட்டும் பொருந்தும்.

ஜூன் 6. கேட்டவர்

பாஸ்வேர்டு சரியாகிவிட்டது, என்ஜின் எழுந்தது. 50-ஐ மாற்ற மறந்துவிட்டேன். முதல் கன்டெய்னர் நன்றாக ஏறியது. இரண்டாவது ஏறிச் சில வினாடியில், மீதமுள்ள ஸ்லாட்டுகள் சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை என்று எரர். ஒரு ப்ராசஸ்கூட ஓடவில்லை, யாரும் லாகின் செய்யவில்லை. கனெக்ஷன் எங்கே போகிறது?

ஜூன் 6, மாலை

கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஸ்பிரிங் பூட்டில் பூலை நடத்துவது ஹிகாரி. ஹிகாரி பூலில் ‘மினிமம் ஐடில்’ (சும்மா இருக்கும்போதும் வைத்திருக்கும் எண்ணிக்கை) எழுதாவிட்டால் அது ‘மேக்சிமம் பூல் சைஸ்’ அளவுக்கே நிற்கும். 50 என்று எழுதினால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 50 கனெக்ஷனைத் திறந்து வைத்துக்கொள்ளும். இரண்டு கன்டெய்னருக்கு 100. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு. சாதாரணப் பயனருக்கு 97. 98-வது ஆள் வாசலில் நிற்கிறார். முழு 100-ம் நிரம்பினால்தான் ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ வரும். இந்த 3 மீதி இருப்பதால்தான் நீங்கள் சூப்பர்யூசராக உள்ளே போய் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிகிறது. அதனாலேயே ஆப்பை சூப்பர்யூசராக ஓட்டக் கூடாது.

பூல் என்பது ஒரு ப்ராசஸுக்கு. கன்டெய்னர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். புது வெர்ஷன் ஏற்றும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து நிற்கும் என்றால் இன்னொரு முறை 2-ஆல் பெருக்குங்கள். பேக்கப், மானிட்டரிங், யாரோ திறந்து வைத்த டிபீவர் இவற்றுக்கு ஒரு பத்து விடுங்கள். வந்த எண் 97-க்குள் இருக்க வேண்டும்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? கமுண்டா ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டரில் பின்னணி வேலைகளை (ஜாப்) எடுத்து ஓட்டும் ஜாப் எக்ஸிக்யூட்டரின் த்ரெட் அதிகபட்சம் இயல்பாக 10. ஜாப் பொறுக்கும் த்ரெட் 1. வெப், ரெஸ்ட் அழைப்புகளுக்கு 5 போதும் என்று வைத்தால் 16. இரண்டு கன்டெய்னருக்கு 32, வெர்ஷன் மாற்றும்போது 64. இடம் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸின் வரம்பை 500 ஆக்கினால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். ஒவ்வொரு கனெக்ஷனும் சர்வரில் ஒரு தனி ப்ராசஸ், அதற்கு மெமரி வேண்டும், மாற்ற ரீஸ்டார்ட் வேண்டும். சிபியு கோர் நான்குதான் இருந்தால் 500 பேரை உள்ளே விட்டாலும் ஒரு நேரத்தில் ஓடுவது சிலர்தான், மற்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஜூன் 7

நேற்று எழுதிய 16 மேல் ஒரு மறுயோசனை. பூல் அளவுக்கு வழக்கமாகச் சொல்லும் தொடக்கக் கணக்கு: கோர் எண்ணிக்கை × 2, அதோடு டிஸ்க் எண்ணிக்கை. 4 கோர், ஒரு டிஸ்க் என்றால் 9. அது ஒரே நேரத்தில் உண்மையாகவே வேலை செய்யும் கனெக்ஷன்களுக்கான கணக்கு, சர்வர் முழுக்கும் சேர்த்து. என் 32 அதைவிட மூன்று மடங்குக்கு மேல். த்ரெட்டைக் குறைப்பதுதான் சரி: ஜாப் த்ரெட்டை 6 ஆக்கி, 6 + 1 + 5 = 12 என்று பூலை வையுங்கள். இரண்டு கன்டெய்னருக்கு 24. கணக்கின் 9-ஐ விட அதிகம்தான், ஆனால் பூலில் இருப்பவை எல்லாம் எந்நேரமும் ஓடுவதில்லை, பாதிக்கு மேல் சும்மா நிற்கும்.

பூல் த்ரெட் எண்ணிக்கையைவிடச் சிறியதாகப் போகக் கூடாது. அதைவிட முக்கியம், ஒரே த்ரெட் ஒரே பூலில் இருந்து இரண்டு கனெக்ஷன் கேட்கிறதா என்பது. நடக்கும் டிரான்சாக்ஷனுக்குள் தனி டிரான்சாக்ஷனில் ஆடிட் வரி எழுதும் நிரல் இருந்தால் அப்படித்தான் கேட்கும். 10 த்ரெட், பூல் 10 என்று வையுங்கள். பத்து பேரும் முதல் கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு நிற்பார்கள், யாரும் விடமாட்டார்கள். பூட்டு விழுந்துவிட்டது. குறைந்தபட்சம் த்ரெட் × (ஒருவருக்குத் தேவை − 1) + 1. இங்கே 10 × 1 + 1 = 11. ஒரே ஒரு கனெக்ஷன் கூடுதலாக இருந்தால் யாராவது ஒருவர் முடித்து வெளியே வருவார், வரிசை நகரும்.

ஜூன் 9. கேட்டவர்

பூலை 12 ஆக்கினேன், ஜாப் த்ரெட்டை 6 ஆக்கினேன். என்ஜின் நன்றாக இருக்கிறது. இரண்டாவது கோட்டுக்கு வந்தேன், ஆர்டர் டேட்டாபேஸுக்கு இன்னொரு டேட்டாசோர்ஸ் எழுதினேன். ஏறும்போது ‘டிரைவர் கிளாஸ் நேமோடு ஜேடிபிசி யூஆர்எல் தேவை’ என்கிறது. யூஆர்எல் கொடுத்துத்தான் இருக்கிறேன்!

ஜூன் 9, சற்று நேரத்தில்

சாவிப்பெயர் ‘யூஆர்எல்’ அல்ல, ‘ஜேடிபிசி-யூஆர்எல்’. ஒரே டேட்டாசோர்ஸ் இருக்கும்போது ஸ்பிரிங் பூட்டே ‘யூஆர்எல்’-ஐ ஹிகாரிக்குப் புரியும் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும். நீங்களே பீன் (ஸ்பிரிங் கையாளும் ஆப்ஜெக்ட்) எழுதி ப்ராப்பர்ட்டிகளை நேரே ஹிகாரியில் ஒட்டும்போது அந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை.

அதே காரணத்தால் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடக்கும். முதல் டேட்டாசோர்ஸுக்காக எழுதிய ஹிகாரி வரிகள் (பூல் 12 முதலானவை) கையால் எழுதிய பீனைத் தொடாது. அது இயல்பான 10-லேயே நிற்கும். இரண்டாவது பீன் எழுதியவுடன் முதலாவதைத் தானாக உண்டாக்குவதையும் ஸ்பிரிங் பூட் நிறுத்திவிடும், ஆகவே இரண்டையுமே நீங்கள்தான் எழுத வேண்டும். ஏறும்போது ஹிகாரியின் லாக்கை டீபக் நிலைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு பூலின் முழு செட்டிங்கையும் வரிவரியாக அச்சிடும். உங்கள் கோப்பை நம்பாதீர்கள், அந்த வரிகளை நம்புங்கள்.

எது என்ஜினுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ‘கமுண்டா பிபிஎம் டேட்டாசோர்ஸ்’ என்ற பெயரில் பீன் இருந்தால் ஸ்டார்ட்டர் அதை எடுத்துக்கொள்ளும். டிரான்சாக்ஷன் மேனேஜருக்கும் அதே பாணியில் பெயர் உண்டு. இரண்டையும் சேர்த்தே வையுங்கள். டேட்டாசோர்ஸை மட்டும் மாற்றி மேனேஜரை விட்டால் என்ஜின் ஒரு டேட்டாபேஸில் எழுதும், கமிட் இன்னொன்றில் நடக்கும்.

ஜூன் 10

இரண்டு டேட்டாபேஸ் ஆனதும் கனெக்ஷனைத் தாண்டிய ஒரு விஷயம் வருகிறது, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. டாஸ்க் ஆர்டர் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதி கமிட் ஆகிறது. அதன் பிறகு என்ஜினின் டிரான்சாக்ஷன் ஏதோ காரணத்தால் ரோல்பேக் ஆகிறது, அதாவது ரத்தாகிறது. என்ஜினைப் பொறுத்தவரை டாஸ்க் நடக்கவே இல்லை. ஜாப்பை மறுபடி ஓட்டும், இயல்பாக மொத்தம் 3 முயற்சி. ஆர்டரில் அதே வரி மூன்று முறை விழலாம்.

இதற்கு செட்டிங் மருந்து கிடையாது. ஆர்டர் டேபிளில் ப்ராசஸ் இன்ஸ்டன்ஸ் எண்ணும் டாஸ்க் அடையாளமும் சேர்ந்த ஒரு யூனிக் கீ போடுங்கள். இன்சர்ட்டில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’ சேருங்கள். மூன்று முறை வந்தாலும் ஒரு வரிதான் நிற்கும். டாஸ்க் லூப்பில் திரும்பத் திரும்ப வருவதானால் சுற்று எண்ணையும் கீயில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமான இரண்டாவது வரியும் விழுந்துபோகும்.

ஜூன் 10, இரவு

சின்னது, ஆனால் அவசரம். லேப்டாப்பில் ஆப்பை ஓட்டி அதைப் பொது டெஸ்ட் டேட்டாபேஸில் மாட்டியிருந்தால் உடனே ஜாப் எக்ஸிக்யூட்டரை அணையுங்கள். ஒரே டேட்டாபேஸில் மாட்டிய எந்த என்ஜினும் அங்குள்ள ஜாப்பைப் பொறுக்கும். உங்கள் லேப்டாப்பில் அரைகுறையாக இருக்கும் நிரலோடு மற்றவர்களின் ஜாப் ஓடி விழும். சர்வர் லாக்கில் ஒரு தடயமும் இருக்காது, எரர் எல்லாம் லேப்டாப் லாக்கில்.

டைம்ஸோனும் அதே வகை. கமுண்டாவின் நேரக் கட்டங்களில் டைம்ஸோன் கிடையாது. கன்டெய்னர் யூடிசியில், லேப்டாப் உள்ளூர் நேரத்தில் ஓடினால் ஒன்று எழுதிய டைமரை மற்றது மணிக்கணக்கில் முன்னோ பின்னோ அடிக்கும். எல்லா ஜேவிஎம்-மிலும் ஒரே ஸோன்.

ஜூன் 12. கேட்டவர்

ஆர்டர் டேட்டாபேஸ் டாஸ்க் வேலை செய்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வரும் முதல் டாஸ்க் மட்டும் ‘30000 மில்லி வினாடிக்குப் பின் கனெக்ஷன் கிடைக்கவில்லை’ என்று விழுகிறது. ரீட்ரையில் ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆர்டர் டேட்டாபேஸில் லோட் பூஜ்யம். நடுவில் ஒரு லோட் பேலன்சர் இருக்கிறது.

ஜூன் 12, இரவு

லோட் பேலன்சர்தான். சும்மா நிற்கும் டிசிபி கனெக்ஷனை அது தன் நினைவில் இருந்து அழித்துவிடுகிறது, இரு முனைக்கும் சொல்வதில்லை. ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க் லோட் பேலன்சரில் இந்தக் காலம் இயல்பாக 350 வினாடி, அஸூரில் 4 நிமிடம். ஹிகாரி ஒரு கனெக்ஷனை வைத்திருக்கும் ஆயுள் இயல்பாக 30 நிமிடம். நடுவே உள்ள இருபத்துச் சொச்ச நிமிடம் பூலில் இருப்பது பிணம்.

ஏன் சரியாக 30 வினாடி? ஹிகாரி கனெக்ஷனைக் கொடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். மறுமுனை ‘இல்லை’ என்று சொன்னால் உடனே தூக்கிப்போட்டு அடுத்ததை எடுக்கும். இங்கே பதிலே வராமல் விழுங்கப்படுகிறது. ஒவ்வொரு பிணத்துக்கும் 5 வினாடி காத்திருக்கும், அது வேலிடேஷன் டைம்அவுட். ஆறு பிணத்துக்கு 30 வினாடி, மொத்தக் காத்திருப்புக் காலம் தீர்ந்தது. பூலில் 10 இருக்கிறது. இரண்டாவது முயற்சிக்குள் பிணங்கள் நீக்கப்பட்டுப் புதியவை வந்திருக்கும், அதனால் ரீட்ரை ஓடுகிறது.

ஆர்டர் பூலில் இவற்றை மாற்றுங்கள்: ‘மேக்ஸ் லைஃப்டைம்’ 300 வினாடி, ‘கீப்அலைவ் டைம்’ 120 வினாடி. இரண்டும் மில்லி வினாடியில் எழுத வேண்டும், அதாவது 300000, 120000. கீப்அலைவ் ஆயுளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பூலையும் 4 ஆகக் குறையுங்கள், மினிமம் ஐடில் 1. அரிதாகத் தொடும் டேட்டாபேஸுக்குப் பத்து கனெக்ஷனைக் காக்க வைப்பது வீண்.

ஜேடிபிசி யூஆர்எல்லில் இன்னொன்று: போஸ்ட்கிரெஸ் டிரைவரின் ‘சாக்கெட் டைம்அவுட்’ இயல்பாக 0, அதாவது என்றென்றும் காத்திருக்கும். குவெரி ஓடும் நடுவே கோடு அறுந்தால் அந்த த்ரெட் அங்கேயே நின்றுவிடும். உங்கள் நீளமான குவெரி எவ்வளவு எடுக்குமோ அதைவிடத் தாராளமாக ஒரு எண் போடுங்கள், 120 வினாடி போல. ‘டிசிபி கீப்அலைவ்’-ஐ உண்மை ஆக்கினால் மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம், லினக்ஸ் கெர்னல் இயல்பாக முதல் தட்டலுக்கே 7200 வினாடி காத்திருக்கும். இரண்டு மணி நேரம்.

ஜூன் 13. திருத்தம்

சாக்கெட் டைம்அவுட் 120 என்றதில் ஒரு நிபந்தனை விட்டுப்போனது. இதை ஆர்டர் பூலுக்கு மட்டும் போடுங்கள். என்ஜின் டேட்டாபேஸ் யூஆர்எல்லிலும் அதையே ஒட்டினால், வெர்ஷன் ஏற்றும்போது பெரிய ஹிஸ்டரி டேபிளில் இண்டெக்ஸ் கட்டும் கட்டளை இரண்டு நிமிடம் தாண்டி நடுவில் அறுபடும். மைக்ரேஷனை ஆப் வழியாக ஓட்டாமல் ஸ்கிரிப்டாகத் தனியே ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அப்படியே செய்யுங்கள்: ஸ்கீமா அப்டேட்டை ஆப்பில் அணைத்துவிட்டு, டேபிள் உண்டாக்கும் பயனர் வேறு, ஓடும் பயனர் வேறு. போஸ்ட்கிரெஸ் 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் டேபிள் உண்டாக்க முடியாது. ‘பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ வருவது அதனால்தான்.

ஜூன் 14

‘கனெக்ஷன் கிடைக்கவில்லை’ என்பது எப்போதும் நெட்வொர்க் அல்ல. அதே எரர் லோட் அதிகமான பகல் நேரத்தில், என்ஜின் பூலில் வந்தால் காரணம் வேறு. சர்வீஸ் டாஸ்க்குக்குள் வெளி ஏபிஐ ஒன்றை அழைக்கிறீர்கள், அது 40 வினாடி எடுக்கிறது. அந்த 40 வினாடியும் என்ஜினின் டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கிறது, ஒரு கனெக்ஷன் சும்மா கையில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (நடப்புக் கனெக்ஷன்களின் பட்டியல்) ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்று வரிசையாகத் தெரிந்தால் இதுதான். பூலைப் பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. அந்த டாஸ்க்கை எக்ஸ்டர்னல் டாஸ்க் ஆக்குங்கள்: வொர்க்கர் வேலையை எடுத்துக்கொள்ளும்போது ஒரு சிறு டிரான்சாக்ஷன், முடித்துச் சொல்லும்போது ஒன்று, நடுவில் கனெக்ஷன் விடுதலை. ஜாப்பின் பூட்டுக் காலம் இயல்பாக 5 நிமிடம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாப் அதைத் தாண்டினால் மற்ற கன்டெய்னர் அதை எடுத்து இரண்டாவது முறை ஓட்டத் தொடங்கும்.

யார் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஹிகாரியின் ‘லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டு’-ஐ 20000 ஆக்குங்கள். 20 வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கும் நிரல் வரியை ஸ்டாக் டிரேஸோடு லாக்கில் எழுதிவிடும்.

ஜூன் 15, பிஜிபவுன்சர் போடலாமா என்ற கேள்விக்கு

பிஜிபவுன்சர் ஆப்புக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவே நின்று கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பூல். 24 கனெக்ஷனுக்கு வேண்டாம். கன்டெய்னர் பத்து, இருபது என்று ஏறும்போது வேண்டும். போட்டால் ‘டிரான்சாக்ஷன்’ முறையில் ஒரு பொறி: போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர் ஒரே குவெரி ஐந்தாவது முறை ஓடும்போது சர்வர் பக்க ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு மாறும். பவுன்சர் அடுத்த டிரான்சாக்ஷனை வேறு கனெக்ஷனில் அனுப்பும், அங்கே அந்த ஸ்டேட்மென்ட் இல்லை, அல்லது அதே பெயரில் வேறொன்று இருக்கிறது. ஆகவே முதல் நான்கு சோதனையும் வெற்றி, பிறகு ‘எஸ் 1 ஏற்கெனவே இருக்கிறது’ என்று எரர். யூஆர்எல்லில் ‘ப்ரிபேர் த்ரெஷோல்டு’ 0 போடுங்கள். அல்லது பிஜிபவுன்சர் 1.21 அல்லது அதற்கு மேல் என்றால் அதன் ‘மேக்ஸ் ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்ஸ்’ பூஜ்யமாக இல்லாமல் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் கமுண்டா ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: அதன் இயல்பு ஐசலேஷன் (ஒரு டிரான்சாக்ஷன் மற்றதன் மாற்றங்களை எப்போது பார்க்கும் என்ற விதி) ரிபீட்டபிள் ரீட், கமுண்டா 7-க்கு வேண்டியது ரீட் கமிட்டட். மாற்றியே ஆக வேண்டும். எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4. பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-ல் தமிழ் எழுத்து சரியாகவே நிற்கும், தமிழ் எழுத்து மூன்று பைட்தான். அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். முதல் எமோஜி வரும் நாளில் இன்சர்ட் விழும்.

இன்னொரு ஒர்க்ஃப்ளோ கருவியான என்8என்-இல் கனெக்ஷன் பாஸ்வேர்டுகள் என்கிரிப்ஷன் கீயால் பூட்டி வைக்கப்படும். கீயை நாமாகத் தராவிட்டால் முதல் ஏற்றத்தில் அதுவே ஒன்றை உண்டாக்கி தன் கான்ஃபிக் கோப்பில் வைக்கும். டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்து அந்தக் கோப்பை விட்டால், மீட்டபின் வரிகள் இருக்கும், பாஸ்வேர்டு எதையும் திறக்க முடியாது. ஏர்ஃப்ளோவில் ஃபெர்னெட் கீக்கும் இதே கவனம்.

ஜூன் 17. கேட்டவர்

300 வினாடி, 120 வினாடி போட்டு மூன்று நாள் ஆயிற்று, முதல் டாஸ்க் விழவில்லை. ஆர்டர் டேட்டாபேஸ் பக்கத்தவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: 8 கனெக்ஷன் எங்களிடமிருந்து வருகிறது, எது எந்தக் கன்டெய்னர் என்று தெரியவில்லையாம்.

ஜூன் 17, மாலை

யூஆர்எல்லில் ‘அப்ளிகேஷன் நேம்’ சேருங்கள், அதில் கன்டெய்னரின் ஹோஸ்ட் பெயரும் பூலின் பெயரும் இருக்கட்டும்: ‘ஆப்1-ஆர்டர்’, ‘ஆப்2-ஆர்டர்’ என்பது போல. 63 எழுத்துக்கு மேல் போஸ்ட்கிரெஸ் வெட்டிவிடும், ஆகவே வேறுபடும் பகுதியை முன்னால் வையுங்கள். பிறகு அவர்கள் பக்கம் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை அப்ளிகேஷன் நேம், ஸ்டேட் இரண்டாலும் குரூப் செய்து எண்ணினால் யார் எத்தனை, எதில் நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் வரும். என்ஜின் பூலுக்கும் அப்படியே செய்துவிடுங்கள்.

8 என்பது பூல் 4 × 2, உச்ச எண். மினிமம் ஐடில் 1 போட்டிருந்தால் சும்மா இருக்கும் நேரத்தில் 2 தான் தெரிய வேண்டும். எந்நேரமும் 8 தெரிகிறது என்றால் அந்த வரி பீனில் ஒட்டவில்லை. ஹிகாரியின் டீபக் லாக்கை மறுபடி பாருங்கள்.

ஜூன் 17, இரவு. கேட்டவர்

ஒட்டவில்லை. சாவிப்பெயரை ‘மினிமம்-ஐடில்ஸ்’ என்று எழுதியிருந்தேன். திருத்தியதும் 2 தெரிகிறது.